அடைத்த ஓட்டைகள்

குழாய்க்காரருக்குச் சொட்டுச் சத்தம் ஆகாது. முப்பது வருஷமாக ஊரான் வீட்டுக் குளியலறைகளில் குனிந்தே முதுகு வளைந்த மனிதர். எங்கே சொட்டினாலும் கை தானாகப் பசையைத் தேடும். ஊர் ஒழுகலையெல்லாம் அடைப்பார், எங்க வீட்டு அடுப்படிக் குழாயைத் தவிர என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் உலகம் இரண்டாம் மாடிப் பால்கனி. பதினோரு ஆர்க்கிட் பூச்செடித் தொட்டிகள். மண் கிடையாது, மரப்பட்டைத் துண்டும் கரித்துண்டும்தான். பிள்ளை இல்லாத வீடு என்று யாராவது வாயெடுத்தால், அதான் பதினொண்ணு இருக்கே என்பாள். அதில் ஒன்று விரல் நீளக் கன்றாக வாங்கியது. ஐந்து வருஷம் கழித்து அது முதல் தடவையாகத் தண்டு விட்டு ஏழு மொட்டு வைத்த வாரத்தில்தான் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனமாயிடுச்சு, உடம்பில் தண்ணீர் தங்குது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கத் தரக்கூடாது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அவளுக்கு மொட்டு நினைப்புதான். பூக்கிறதுக்குள்ள வந்துடுவேன், வாரம் ரெண்டு தடவை தண்ணி ஊத்துங்க என்றாள்.

ஊற்றினார். அவள் ஒவ்வொரு தொட்டியாகக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஊற்றி, வடியவிட்டுக் கொண்டுவருவாள் என்பது காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுகிற மனிதருக்குத் தெரியாது. பால்கனியிலேயே ஊற்றினார். தண்ணீர் அடி ஓட்டை வழியாக ஓடி, கீழ்வீட்டு டெய்லர் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கரிக்கறையாக இறங்கியது. டெய்லர் மேலே வந்து, குழாய்க்காரர் வீடே ஒழுகுதே அண்ணே என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு சுட்டுவிட்டது. அன்றைக்கே பையைத் திறந்து பதினோரு தொட்டியின் அடியையும் பசை வைத்து அடைத்தார். நேர்த்தியான வேலை. ஒரு சொட்டு விழவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தம்ளரில் அளந்து கொடுத்த கை, வீட்டுக்கு வந்து செடிக்குத் தாராளமாக ஊற்றியது.

இருபத்துநாலு நாள் கழித்து அவளைக் கூட்டிவந்து ஜன்னலோரம் படுக்கவைத்தார். படுத்ததும் மூக்கைச் சுளித்தாள். சாக்கடை வாடை. மொட்டுச் செடியை எடுத்துவரச் சொல்லி, தொட்டியின் அடியை விரலால் தடவினாள். திட்டுவாள் என்று நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

"வேரும் மூச்சு விடணுங்க," என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தினாள்.

எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார். பத்துச் செடியில் வேர் கூழாகிக் கையோடு வந்தது. மொட்டுச் செடியில் மட்டும் கெட்டியாக இரண்டு வேர் இருந்தது. மூன்று மொட்டு மஞ்சளாகி உதிர்ந்து நான்கு மிச்சம். தண்டை விட்டுவைத்தால் ஒன்றாவது பூக்கும், ஆனால் இருக்கிற கொஞ்ச உயிரையும் அது குடித்துவிடும். வெட்டினால் செடி பிழைக்கலாம், பூவுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். அவளுக்கு ஒரு வருஷம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெட்டுங்க."

"நீ பாக்க வேணாமா?"

"அஞ்சு வருஷமா பாத்துட்டுதானே இருக்கேன். கை நடுங்காம வெட்டுங்க. குழாய்னு நெனச்சுக்கோங்க."

வெட்டினார். தண்டை அவள் தண்ணீர் குடிக்கிற அளவுத் தம்ளரிலேயே போட்டுத் தலைமாட்டில் வைத்தார். நான்காம் நாள் மொட்டெல்லாம் விரியாமலே கொட்டிவிட்டது. ஆறாம் வாரம் அவளும் போய்விட்டாள்.

வருஷம் தாண்டிவிட்டது. ஒரே தொட்டி. மூன்று இலை, தண்டு இல்லை. வாரா வாரம் அதைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றி, வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசிச் சொட்டு விழுகிறவரைக்கும். வேலைக்குக் கூப்பிட்டுப் போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் அவர் கை வைக்கவில்லை.