ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்

ஆறாவது வால்நட் பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, நோட்டைத் தொடைமேல் விரித்து, நேற்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று யோசிக்கிறார். மூன்று என்று எழுதுகிறார். பிறகு அதை அடித்துவிட்டு இரண்டு என்று திருத்துகிறார். காலை ஆறரை மணி. முதல் ஆள் வண்டி பழக வருவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பதினோரு ஆண்டுகளாக மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய கை. தனக்கென்று வந்தாலும் அரை மதிப்பெண் கூட்டிப் போடாது.

கருப்பையின் உள்ளே இருக்கவேண்டிய படலம் போன்ற ஒன்று வெளியிலும் படர்ந்து, மாதாமாதம் இடுப்பைப் பிழிந்தெடுக்கும் நோய் அவருக்கு. எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்கொரு பெயர் இருப்பது தெரியவே எட்டு வருடம் ஆயிற்று. அதுவரை கேட்டதெல்லாம், "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதானே" என்பதுதான். பெயர் தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து அவர் அழவில்லை. அக்காவுக்கு ஒரு போன், மாமியாருக்கு ஒரு போன். "நான் நடிக்கலைன்னு இப்பவாவது ஒத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் காரில் ஏறுகிறவர்கள் எல்லாம் வைத்தியராகிவிட்டார்கள். "கியர் மாத்தத்தான் தடுமாறுவாங்க. மருந்து சொல்ல ஒருத்தரும் தடுமாற மாட்டாங்க" என்பார். கேட்டதை உதறிவிடுவதும் இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாக வாரிப்போட்டுக்கொள்வதும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்று, அதற்கு மூன்று மாதம். "கிளட்ச், கியர், ஸ்டியரிங் மூணையும் ஒண்ணா மாத்தினா எதுல தப்புன்னு எப்படித் தெரியும்?" ஆட்டிறைச்சியைக் குறைத்து மீனைக் கூட்டினார். நோட்டில், 'பரவாயில்லை.' கீரையும் ஆளிவிதைப் பொடியும் சேர்த்தார். 'வயிறு உப்பவில்லை.' அடுத்தது மஞ்சள். 'சந்தேகம். சமையலறைத் துணிக்கு மட்டும் நிறம் பிடித்திருக்கிறது.'

அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவருக்கும் அதே சாப்பாடுதான். "வலி உனக்கு, பத்தியம் எனக்குமா?" என்று தினமும் முணுமுணுப்பார். தட்டு முதலில் காலியாவதும் அவருடையதுதான்.

இவ்வளவு ஒழுங்காக நோட்டு எழுதுகிறவர் ஒருமுறை தன் விதியைத் தானே மீறினார். டாக்டரம்மா கொடுத்திருந்த ஹார்மோன் மாத்திரையால் எடை கூடியது, எரிச்சல் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த குப்பிகளைக் கொண்டுவந்து, "இது செடியிலேருந்து வர்றது, ஒண்ணும் பண்ணாது" என்றார். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தி, குப்பியைத் திறந்தார். இரண்டாவது மாதம், நடுச்சாலையில், வலி அவரை இரண்டாக மடக்கியது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் ரொட்டிக்கடைக்காரர். வயது ஐம்பத்திரண்டு, ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்றவர், சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சினை அணையவிடுபவர்.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க."

"தப்பா திருப்பிட்டேனா டீச்சர்?"

"நீங்க சரியாத்தான் திருப்பினீங்க. எனக்குத்தான் நிமிர முடியல."

ரொட்டிக்கடைக்காரர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். "அப்ப நிறுத்தல. ஆஸ்பத்திரிக்கே போறேன்."

நான்கு சிக்னல், ஒரு ரவுண்டானா. எஞ்சின் ஓரிடத்தில்கூட அணையவில்லை. வாசலில் கோடு போட்டாற்போல் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இது பாஸ்தானே?" என்றார்.

"கண்ணாடியப் பாக்கவே இல்லண்ணே" என்றார் இவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

டாக்டரம்மா ஊசி போட்டு, நடந்ததையெல்லாம் கேட்டார், திட்டவில்லை. "சாப்பாட்டை மாத்தினது நல்லதுதான், விட்டுடாதீங்க. செடியில இருக்கிற சத்துங்க சோதனைக்கூடத்துல நல்லா வேலை செய்யுது. மனுஷ உடம்புல எவ்வளவு கேக்கும்னு இன்னும் உறுதியாத் தெரியல. அதனால அது மாத்திரையோட கூட வரட்டும், மாத்திரைக்குப் பதிலா வர வேணாம். ஒத்துக்கலைன்னா சொல்லுங்க, வேற மாத்திரை இருக்கு. அந்தத் தேயிலைக் குப்பியை மட்டும் தூக்கிப் போடுங்க. அளவு மீறினா கல்லீரலுக்கு ஆகாது."

வெளியே ரொட்டிக்கடைக்காரர் காத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெல்ல, "எங்களுக்கு ஒவ்வொண்ணா மாத்தச் சொல்லிட்டு, நீங்க ரெண்டை ஒண்ணா மாத்திட்டீங்களே டீச்சர்" என்றார். இவருக்குச் சிரிப்பு வந்தது; சிரித்தால் வலித்தது; வலித்தாலும் சிரித்தார்.

புது மாத்திரை ஒத்துக்கொண்டது. வலி போய்விடவில்லை, அடங்கி உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் மாதத்தில் ஆறு நாள் வண்டி நிற்கும். இப்போது ஒரு நாள், சில மாதம் அதுவும் இல்லை. ரொட்டிக்கடைக்காரர் ஐந்தாவது தேர்வில் பின்னால் எடுக்கும்போது கம்பத்தை இடித்தார். ஆறாவதில் தேறி, கடைக்கு ஒரு பழைய வேன் வாங்கினார்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரே வேனோடு வாசலில் வந்து நின்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது குறை வரும் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார். இரண்டாவது சிக்னல்வரை ஒரு சத்தமும் இல்லை.

"என்ன டீச்சர், ஒண்ணுமே சொல்லல?"

பக்கத்து இருக்கையைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார்.