சம்பந்திக்குக் கொடுத்த சாவி

தெமிர்-சாய் பால் ஆலையில் வேலைக்குச் சேர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இயக்குநருக்குச் சொந்தமாகப் பிறப்பது. இன்னொன்று, இயக்குநரின் சொந்தத்தில் பெண் எடுப்பது. ஒரோஸாலி இரண்டிலும் சேராமல், வேலை தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே நுழைந்தவர். அதனால் ரொம்ப காலம் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

அதற்கு முன் அவர் நாரின் நகரத்து அடுக்குமாடிகளில் வெந்நீர்க் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் எல்லோருக்கும் அவர் தெய்வம். ஏப்ரல் வந்தால் தெருவில் பார்த்தும் பாராமல் போவார்கள். ஆலைக்குப் புது இயந்திரங்கள் வந்தபோது, மாட்டிக்கொடுக்க ஒரு துருக்கிக்காரர் கூடவே வந்தார். அவர் பேசுவதில் பாதி நமக்குப் புரியும், மீதிப் பாதி புரிந்த மாதிரி இருக்கும். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். இயக்குநரின் சொந்தக்காரர்களில் குனிந்து வேலை செய்பவர் எவரும் கிடைக்காததால் ஒரோஸாலியைக் கூப்பிட்டார்கள்.

பாலை அளந்து விடும் வால்வுகள்தான் அந்த இயந்திரங்களின் உயிர். வீட்டுக் குழாய் மாதிரி திறந்தால் திறப்பது, மூடினால் மூடுவது என்று இல்லை. இவ்வளவு விடு, இன்னும் கொஞ்சம் குறை என்று மேலிருந்து உத்தரவு வர, காற்றழுத்தத்தில் ஏறி இறங்கும். உள்ளே கண்ணாடி போலப் பளபளப்பு. பால் போகும் திசையை அம்புக்குறி பார்த்து மாட்ட வேண்டும். ஒரு சொட்டும் உள்ளே தங்காமல் வடியும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். ரப்பர் வளையம் முறுக்காமல் உட்கார வேண்டும். கம்பிநாரால் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பால் ஒளிந்துகொள்ளும், ஒளிந்த பால் நாளைக்கு ஊரையே கக்கூசுக்கு அனுப்பும். ஒரோஸாலிக்கு இது பிடித்துப்போனது. பிடித்தது வேலையோடு நிற்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டிலும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அவர் மனைவி குல்சுன் முட்டியால் இடித்தும் திருந்தவில்லை. ஊர் அவருக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்தது.

துருக்கிக்காரர் கிளம்பும்போது ஒரோஸாலியின் கையில் ஒரு சிவப்புப் பூட்டைக் கொடுத்தார். வால்வுக்குள் கை விடுமுன் காற்று வரும் குழாயை மூடு, மிச்சக் காற்றை வெளியே விடு, அப்புறம் அந்தக் குழாயின் பிடியில் இந்தப் பூட்டை மாட்டு, சாவி உன் சட்டைப்பையில் இருக்கட்டும், பூட்டினவன்தான் திறக்கணும் என்றார். பூட்டோடு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்றை ஆற்றில் எறிந்துவிடு என்றும் சொன்னார். ஒரோஸாலி தலையாட்டினார். நல்ல சாவியை ஆற்றில் எறிய நம் பக்கத்தில் யாருக்கு மனம் வரும்? வீட்டில் தேயிலை டப்பாவுக்குள் போட்டு வைத்தார்.

பூட்டு முதன்முதலில் தொங்கிய அன்றே தகராறு. மேய்ச்சல் மலையில் கூடாரத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு ஆட்டைத் தேடிப் போகிற ஜனங்கள் நாங்கள். ஒருவன் கண்ணெதிரே பூட்டை மாட்டுவது, நீ திருடன் என்று வாயால் சொல்வதைவிட மோசம்.

“யாருக்கு அண்ணே பூட்டு?” என்றான் பால் இறக்குகிறவன். “காத்தைக்கூட நாங்க திருடிட்டுப் போயிருவோமா?”

“காத்துக்கு இல்லடா, என் கைக்கு.”

“உங்க கையை யாரு திருடப் போறா? அதுல என்ன இருக்கு, மோந்து பாக்கற மூக்காவது பரவாயில்ல.”

சிரித்தார்கள். ஒரோஸாலியும் சிரித்தார். ஆனால் பூட்டைக் கழற்றவில்லை. அவர் வெளியாள், வெளியாளுக்கு முரட்டுத்தனம் மன்னிக்கப்படும்.

பிறகு அவர் மகள் பெர்மெத்தை துர்தாகுன் தன் பையனுக்குக் கேட்டார். துர்தாகுன் ஆலையின் ஷிப்டுத் தலைவர், இயக்குநரின் சித்தப்பா மகன், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மரியாதை. கொசுவை அடிப்பதற்கு முன்னும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கதையில் கெட்ட மனிதர் ஒருவராவது இருந்திருந்தால் எல்லோருக்கும் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கல்யாணம் நடந்தது. ஒரோஸாலி வெளியாள் என்ற சலுகையை இழந்து சம்பந்தி ஆனார். நம் பக்கத்தில் சம்பந்தி என்பது கடவுளுக்கு ஒரு படி கீழே. கடவுளிடமாவது முணுமுணுக்கலாம்.

அடுத்த முறை பூட்டு தொங்கியபோது துர்தாகுன் ஒன்றும் சொல்லவில்லை. பூட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், போனார். சொல்ல வேண்டியதை அவர் மனைவி, பெர்மெத் மாவு பிசையும்போது சொன்னாள்.

“உங்கப்பா நேத்தும் பூட்டை மாட்டிட்டு சாவியைப் பையில போட்டுக்கிட்டாராமே. இங்க வந்தா எங்க வீட்டுக் கரண்டியையும் எண்ணிட்டுப் போகச் சொல்லு தாயி.”

பெர்மெத் இதைச் சிரித்துக்கொண்டே போனில் குல்சுனிடம் சொன்னாள். குல்சுன் அழுதுகொண்டே ஒரோஸாலியிடம் சொன்னாள்.

“அந்த வீட்ல நம்ம பொண்ணு வாழணுமா வேணாமா? ஒரு இரும்புத் துண்டுக்காக அவ தினமும் பேச்சு வாங்கணுமா?”

“குல்சுன், அது என் கை.”

“கையைக் கவனமா வச்சுக்க. குழந்தையா நீ?”

ஒரோஸாலி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். பெர்மெத்தைப் பார்க்கப் போனால் அவள் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைப் பார்ப்பார். தூக்கம் கெட்டதா, பேச்சு வாங்கியதா என்று கேட்க வாய் வராது. மகள் வீட்டு அடுப்படியில் நடப்பதை அப்பன் கேட்கக் கூடாது. கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

இலையுதிர் காலத்தில் துர்தாகுன் வீட்டு விருந்தில் முடிவு வந்தது. ஆட்டுத்தலையை ஒரோஸாலி முன் வைத்தார்கள். அந்த மரியாதைக்கு மேல் மரியாதை கிடையாது. அவர் ஆட்டின் காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது, துர்தாகுன் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்:

“சம்பந்தி, தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி இருக்காமே?”

விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். கதவோரம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெர்மெத் நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக அசைத்தாள். ஒரோஸாலி பார்க்கத்தான் செய்தார். பாவம், மாமனார் கேட்டுவிட்டாரே என்று பயப்படுகிறாள் என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

“இருக்கு சம்பந்தி. அது உங்களோடதுதான்” என்றார்.

மறுநாள் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். துர்தாகுன் அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். இயக்குநர் அதைப் பார்த்து, இதுதான் நம் ஆலை, இங்கே யாரும் யாருக்கும் அந்நியம் இல்லை என்றார். அன்றிலிருந்து பெர்மெத்தின் மாமியார் கரண்டியைப் பற்றிப் பேசவில்லை. வேறு விஷயங்களைப் பற்றிப் பேசினாள்.

குளிர்காலம் முழுக்க ஒரு கெடுதலும் நடக்கவில்லை. வேலை முடித்து ஒரோஸாலி தேநீர் குடிக்க உட்கார்ந்தால், “நீங்க எந்திரிக்காதீங்க சம்பந்தி” என்று துர்தாகுனே போய்ப் பூட்டைத் திறந்து காற்றை விடுவார். நடை மிச்சம். பூட்டு தொங்கத்தான் செய்தது. மணமேடையில் தொங்கும் திரைச்சீலை மாதிரி, அழகுக்கு.

கோடை உச்சத்தில் மலையிலிருந்து பால் கொட்டும் நாட்கள். அன்று டேங்கர் வாசலில் வெயிலில் நின்றிருந்தது, ஓட்டுநர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். பால் காய்ச்சும் இயந்திரத்துக்கு முன்னால் உள்ள வால்வு சரியாக மூடாமல் கசிந்தது. அது காற்று வந்தால் மூடிக்கொள்ளும், காற்று நின்றால் ஸ்பிரிங் திறந்துவிடும் வகை. ஒரோஸாலி காற்றை அடைத்தார், பூட்டினார், குழாயில் நின்ற பாலை வடித்தார், கிளாம்பைத் தளர்த்தி வளைவுக் குழாயைக் கழற்றினார். ரப்பர் வளையத்தில் கோளாறு இல்லை. அப்படியானால் அது உட்காரும் இடத்தில், பால் காய்ந்து இறுகிய பால்கல் படிந்திருக்க வேண்டும். பால்கல் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். வால்வை மறைத்து நின்ற பால் தொட்டியின் பின்னால் மல்லாந்து படுத்து, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

துர்தாகுன் வந்தார். பூட்டைப் பார்த்தார். தேநீர் மேசையைப் பார்த்தார். அங்கே ஒரு கோப்பையில் ஆவி பறந்தது. பால் இறக்குகிறவனுடைய கோப்பை அது. சம்பந்தி வேலையை முடித்துவிட்டு வெளியே ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆலை முழுக்க ஆட்கள் நிற்க, சம்பந்தியை ஆடு மேய்க்கிறவனைக் கூப்பிடுவது போல “ஏய், எங்க இருக்க” என்று கூவுவதா? துர்தாகுன் அப்படி வளர்க்கப்பட்டவர் இல்லை. தன் சாவியை எடுத்து, சத்தமில்லாமல் திறந்து, காற்றை விட்டார்.

சத்தம் தொட்டியின் பின்னாலிருந்து வந்தது.

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயின. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இயக்குநர் முதலில் கேட்டது பாலில் ரத்தம் கலந்துவிட்டதா என்று. குழாய் முழுவதையும் காரத்தாலும் அமிலத்தாலும் கழுவச் சொன்னார், அதையும் திரும்ப ஒரு தடவை கழுவச் சொன்னார். சுத்தம் விஷயத்தில் அன்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் துர்தாகுன் ஆடும் புது அங்கியுமாக வந்தார். கட்டிலருகே மண்டியிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். நிஜமான அழுகை. அங்கியை ஒரோஸாலியின் தோளில் போர்த்தியதும் அங்கிருந்த பெரியவர்கள் கையேந்தி ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அதோடு விஷயம் முடிந்தது. போர்த்திய அங்கியை உதறுகிறவன் மனுஷன் இல்லை.

மாவட்டத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரிக்கு மட்டும் முடியவில்லை.

“பூட்டு போட்டிருந்தீங்களா இல்லையா?”

அறையில் துர்தாகுனும் இருந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறந்துட்டேன்” என்றார் ஒரோஸாலி.

“இத்தன வருஷ அனுபவத்துல மறந்துட்டீங்களா?”

“வயசாச்சில்ல.”

விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிவானது. இயக்குநர் ஆட்களைக் கூட்டி, இந்தப் பூட்டு வந்த நாளிலிருந்தே ஆலையில் மனக்கசப்புதான், இனி அது வேண்டாம், ஒருவரை ஒருவர் நம்புவோம் என்று பேசினார். கைதட்டினார்கள். ஒரோஸாலிக்கு வாசல் காவல் வேலை கொடுத்தார்கள். வருகிற டேங்கருக்கு இடது கையால் கம்பத்தைத் தூக்கினால் போதும். வால்வுகளை இயக்குநரின் மச்சான் பார்த்துக்கொள்கிறான்.

பனி விழத் தொடங்கிய பிறகு பெர்மெத் அப்பா வீட்டுக்கு வந்தாள். குல்சுன் கடைக்குப் போயிருந்தாள். மகள் தேநீர் ஊற்றினாள்; அவர் இடது கையால் வாங்கினார், முகரவில்லை.

“அங்க எப்படி இருக்கம்மா?”

“ராணி மாதிரி இருக்கேன். அத்தை எனக்குத்தான் முதல்ல ஊத்தறாங்க. திட்டறது கிடையாது, வேலையும் சொல்றது கிடையாது. நான் உள்ள போனா எல்லாரும் பேச்ச நிறுத்திடறாங்க. மாமா என் முகத்தப் பாக்கறதே இல்ல. என்னப் பாத்தா அவருக்கு உங்க விரல்தான் தெரியுது போல.”

“மரியாதையாதானே நடத்தறாங்க?”

“அத்தை உங்களக் கரண்டி எண்ணச் சொல்லி என்னக் குத்தினாங்களே, அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? நானே எண்ணிட்டேன் அத்தை, ஒண்ணு குறையுது, எங்க வச்சீங்கன்னு கேட்டேன். அவங்களே சிரிச்சுட்டாங்க. அதெல்லாம் எனக்கு ஒரு பெரிய விஷயமே இல்லப்பா. சாவியக் குடுக்காதீங்கன்னு தலையாட்டினேனே, பாத்தீங்கல்ல?”

ஒரோஸாலி கோப்பையைக் கீழே வைத்தார்.

“உனக்காகத்தான்மா குடுத்தேன்.”

“எனக்காகன்னு சொல்லாதீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?” அவள் குரல் உயரவில்லை. “சரி, அது போகட்டும். இப்ப இயக்குநரோட மச்சான் பூட்டு இல்லாமக் கைய உள்ள விடறானாம். ரெண்டு குழந்த அவனுக்கு. நீங்க அந்த அதிகாரிகிட்டப் போயி, பூட்டினேன், அவர் திறந்தாருன்னு சொல்லுங்க. பூட்டாவது திரும்பி வரும். என் மாமியார் என்னைத் திரும்பத் திட்டட்டும், நான் பாத்துக்கறேன்.”

அவர் விரல் போன வலது கையைப் போர்வைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“அதெப்படிம்மா” என்றார். “சம்பந்தி மனசு சங்கடப்படுமே.”