நீலாவதிக்குப் போட்ட மார்க்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நீலாவதி. பதினான்கு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள். முப்பத்தாறாவது வயதில், 1979 மழைக்காலத்தில், இருமலோடு ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள்.

இரண்டு மாதம் கீழே ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினாள். அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேல் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய், அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் அமிர்தலிங்கத்தின் கண் முன்னால் மாத்திரை விழுங்கினாள். மாத்திரையைத் தாளில் வைத்து, மேசையின் மறுபக்கத்துக்கு மர ஸ்கேலால் தள்ளிவிடுவார் அவர். சளியில் கிருமி இல்லை என்று மூன்று முறை முடிவு வந்த பிறகும் அந்த ஸ்கேல் மேசையில்தான் இருந்தது.

மலையில் பத்து மணிக்கு வாளியில் தேத்தண்ணி வரும். எல்லாருக்கும் ஒரே வெள்ளை மங்குக் குவளை. ஒருத்தி மொண்டு குடித்து அடுத்தவளிடம் நீட்டுவாள். நீலாவதிக்கு மட்டும் கொட்டகை ஆணியில் ஒரு பால் டின் தொங்கியது. கங்காணி ரெங்கசாமி அவளைக் கொழுந்து பறிக்கும் நிரையிலிருந்து எடுத்து, தனியாகப் புல் வெட்டப் போட்டிருந்தார்.

1981-இல் டவுனிலிருந்து, கேட்டு நிரப்பி அனுப்ப ஒரு பாரம் வந்தது. காசநோய் கண்டவர்கள் இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்று அளக்க வேண்டுமாம். பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மார்க். டிரசர் படித்தார்.

"மூச்சு வாங்காம ஒரு மாடி ஏற முடியுதா?"

"எந்த மாடி ஐயா? மாடி இருக்கறது துரை பங்களாவுலதான். என்னைய ஏற விடுவாரா?"

"சரி, மலை?"

"முப்பது கிலோ கூடையோட ஏறுவேன். கங்காணிதான் கூடையப் பிடுங்கிட்டாரே."

நான்கு போட்டார். "அக்கம்பக்கத்துல பேசிப் பழகுறாங்களா?"

"பேசுறாங்க."

அதற்கும் நான்கு. கடைசியில் கூட்டிப் பார்த்தார். "அறுபதுக்கு அம்பத்தேழு. நல்லா இருக்கன்னு அர்த்தம்."

"பால் டின்னுக்கு எத்தன மார்க்?"

"அதுக்கு இதுல கேள்வி இல்லம்மா."

"பாரத்துக்குப் பின்னாடி வெள்ளையாத்தானே இருக்கு? அங்க எழுதுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு மலைக்கு வாங்க. பாத்துட்டு எழுதுங்க."

அவர் வந்தார். நீலாவதி புல் வெட்டும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வாளியருகே வந்து நின்றாள்.

"உன் டின் எங்க?" என்றார் ரெங்கசாமி.

"நசுங்கிப்போச்சு அண்ணே. நான்தான் மிதிச்சேன்."

தோழி திலகத்தின் கையிலிருந்த குவளையை வாங்கி, மொண்டு, நிதானமாகக் குடித்தாள். பாதித் தேத்தண்ணி மிச்சமிருந்த குவளையை அப்படியே டிரசரிடம் நீட்டினாள்.

"குடிங்க. கிருமி இல்லன்னு படிச்சுச் சொன்னது நீங்கதானே?"

அமிர்தலிங்கம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா ஐயா, தள்ளிவிட ஸ்கேல் கொண்டாரலியா?"

அவர் முகம் சிவந்தது. குவளையை வாங்கினார். குடித்தார்.

"எல்லாத்தையும் நீங்களே முடிச்சிடாதீங்க லா!" என்று திலகம் பிடுங்கினாள். மீதியைக் குடித்துவிட்டு, மறுபடி மொண்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். சிலர் உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அதே மங்குதான். ரெங்கசாமியிடம் வந்தபோது, "எனக்கு வயிறு சரியில்ல" என்று கையை அசைத்தார்.

டிரசர் பாரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் தேத்தண்ணி மங்கு பற்றி ஒரு வரி எழுதினார். "நாலு போட்டுடவா?"

"மூணு போடுங்க. அண்ணன் இன்னும் குடிக்கல."

நிரை முழுவதும் சிரித்தது. நீலாவதி அங்கே கிடந்த காலிக் கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு தன் பழைய நிரையில் இறங்கினாள். புல் வெட்டும் கத்தி கிடந்த இடத்திலேயே கிடந்தது. ரெங்கசாமி அதைப் பார்த்துவிட்டுத் தாண்டி நடந்தார்.