கொள்ளிடக் கரையில் ஒரு சாவி

சனிக்கிழமை, காலை ஏழே கால். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் திருவையாற்றுப் பேருந்து ஏறினேன்; கட்டணம் பதினைந்து ரூபாய். மேட்டூர் நிரம்பி, உபரி நீரைக் கொள்ளிடத்தில் திறந்திருந்த வாரம் அது. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே, படுகையில் தனியாக இருக்கும் என் தங்கை சலோமியைக் கையோடு அழைத்து வரப் போனேன். அவள் மகளுக்குக் கோவையில் குழந்தை பிறந்திருந்தது. அன்றைய ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருந்தேன்.

திருவையாற்றிலிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஓட்டுநர் கரைமேலேயே நிறுத்திவிட்டார்.

"கீழ வண்டி இறங்காது சார். சாவியக்கா வீட்டுக்குத்தானே? நேரா இறங்கிப் போங்க."

ஊரே அவளை அப்படித்தான் அழைக்கிறது. படுகைக்குள் முப்பது வீடுகள்; எல்லாவற்றிலும் தாழ்வாக, ஆற்றை ஒட்டிக் கிறிஸ்தவர்களின் சின்னக் கோயில். வெள்ளம் வந்தால் அதன் மணி ஒலிக்கும். கடைசி வீடு கரையேறும்வரை, கோயில் சாவி வைத்திருப்பவர் மணிக்கயிற்றை விடக் கூடாது. கைப்பேசியில் எச்சரிக்கை வந்தாலும், மணி கேட்காமல் இங்கே யாரும் மாட்டை அவிழ்ப்பதில்லை. முந்தைய வெள்ளமொன்றில் சலோமியின் கணவர், என் மைத்துனர், அப்படி மணி அடித்துவிட்டுக் கடைசியாக ஏறும்போதுதான் தண்ணீர் அவரை இழுத்துப் போனது. அடக்கம் முடிந்த ஞாயிறு, சாவியை யார் வாங்கிக்கொள்வது என்று போதகர் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சலோமி கை நீட்டினாள்.

பதினொரு மணி. நானும் சலோமியும் கோயில் வாசலில் நின்றோம். ஆறு செம்மண் நிறத்தில் அகன்று கிடந்தது.

"பைபிள்ல, உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போன ஆசாரியங்க, ஜனமெல்லாம் தாண்டுற வரைக்கும் யோர்தான் ஆத்து நடுவுலயே நின்னாங்கள்லண்ணே?"

"அவங்களுக்கு யோர்தான் ஓடாம நின்னுச்சு. கொள்ளிடம் நிக்குமா?"

"நிக்காது. அதான் மணி அடிக்கிறேன்" என்று சிரித்தாள்.

டிக்கெட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி, நான் போறேன். தண்ணி வடியிற வரைக்கும் நீங்க இருங்க. பிள்ளையப் பாத்துட்டு ஓடியாந்துடறேன்."

விளையாட்டோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. சாவி வெதுவெதுப்பாக இருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

என் ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். முடிக்கவிடாமல் சாவியை எடுத்துச் செருகிக்கொண்டாள்.

"விடுங்கண்ணே. வாங்க, மீன்குழம்பு ஆறுது."

நாலு மணிக்குக் கரையேறினேன். கையில் மைத்துனரின் பழைய வேட்டியில் தைத்த குழந்தைச் சட்டைகள். திரும்பும் பேருந்து ஒவ்வொரு ஆற்றுப் பாலமாகக் கடந்தது. எல்லா ஆறும் கரைக்குள் அடங்கித்தான் ஓடியது. கொள்ளிடத்தைப் பற்றி ஓட்டுநரிடம் கேட்டேன். "இன்னும் ஏறும்னுதான் சொல்றாங்க" என்றார்.

ரயிலில் என் எதிர் இருக்கை காலியாக வந்தது. டிக்கெட் பரிசோதகர் அதைக் காட்டி, "சலோமி, அவங்க வரலீங்களா?" என்றார்.

"அவங்க இடத்துல நிக்க ஆள் கிடைக்கலீங்க" என்றேன்.