என் பெயருக்குப் பின்னால் இருக்கிறவர்

1. இரண்டு அப்பா

"ரீத்தா, இந்தப் பொண்ணுக்கு எத்தன அப்பா?"

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் ஹஸ்லினா மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அவர் கையில் இரண்டு விண்ணப்பப் பாரங்கள் இருந்தன. ஒன்றில், மாணவி லோகேஸ்வரியின் அப்பா இறந்துவிட்டார், மூன்று நாள் துக்க விடுப்பு வேண்டும். பத்து மாதம் கழித்து வந்த மற்றொன்றில், அதே லோகேஸ்வரியின் அப்பா பக்கவாதம் வந்து கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பார்த்துக்கொள்ள ஆளில்லை, படிப்பை ஒரு செமஸ்டர் ஒத்திவைக்க வேண்டும்.

கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணி மாஸ்டர்ஸ் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் 'மாணவர் ஆதரவு' என்று ஒரு பலகை. பாதி நாள் ஸ்டேப்ளர் குத்துவதுதான் ஆதரவு. அந்த நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் தங்கச்சிமார்களுக்காக இதை எழுதுகிறேன்.

விதி இதுதான். பிளேஸ்மண்ட் என்னும் களப்பயிற்சியில் அனுமதி இல்லாமல் ஒரு நாள் குறைந்தாலும் பாஸ் கிடையாது. துக்க விடுப்பு அப்பா, அம்மா, கணவன் மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் இறந்தால் மட்டும். பொய் சொல்லி விடுப்பு எடுத்தால் படிப்பிலிருந்தே வெளியேற்றலாம். நாளை ஒரு குடும்பம் தன் ரகசியத்தை நம்பி ஒப்படைக்கப்போகும் ஆள் அல்லவா, அதனால். இறந்துபோன அப்பாவுக்கு எப்படிப் பக்கவாதம் வரும்? லோகா மாட்டிக்கொண்டாள்.

2. நானே போட்ட பாரம்

அந்த முதல் பாரத்தை நிரப்பியது நான்.

ஒரு செமஸ்டர் கடைசி. எதிரே ஒரு கட்டு பாரம், முதுகில் வலி. போன் அடித்தது.

"மிஸ், லோகா பேசுறேன். அப்பா தவறிட்டாரு மிஸ்."

"ஐயோ, எப்பம்மா? அழாத. நீ போய் ஆக வேண்டியதப் பாரு, பாரத்த நானே போட்டுர்றேன்."

நல்ல மனசோடுதான் சொன்னேன். 'உறவு' என்ற கட்டத்தில் 'தந்தை' என்று தட்டினேன். இரண்டு நாள் கழித்து அவள் வாட்ஸாப்பில் அனுப்பிய இறப்புச் சான்றிதழை அச்செடுத்து, அவளுடைய ஐ.சி., அதாவது அடையாள அட்டை நகலோடு சேர்த்துக் குத்தினேன். நம் நாட்டில் ஐ.சி.யில் பிள்ளையின் பெயருக்குப் பின்னாலேயே அப்பா பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். லோகாவின் பெயருக்குப் பின்னால் முனியாண்டி. சான்றிதழில் இறந்தவர் பெருமாள். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குத்திய எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

கமிட்டி விசாரணைக்கு முந்தின நாள் லோகாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொமியூட்டர் ரயிலில் வந்திருந்தாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"செத்தது யாரும்மா?"

"அப்பா மிஸ்."

"அப்ப ஆஸ்பத்திரியில இருக்கிறது?"

"ஐயா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாடுறியா?"

"இல்ல மிஸ். எங்க ஊரு காப்பார்ல நாங்க எல்லாம் ஒரே வீடு. பெரியப்பாவ அவர் பிள்ளைங்க அப்பான்னு கூப்பிட்டாங்க, நானும் அப்பான்னே பழகிட்டேன். என்னைப் பெத்தவர வீட்டுல எல்லாருமே ஐயான்னுதான் கூப்பிடுவோம். எங்க வீட்டுல யாருக்கும் கொழப்பம் வந்ததே இல்ல லா."

"ஆபிசுக்குப் போன் பண்ணா பெரியப்பான்னு சொல்லணுமா இல்லியா?"

"அன்னிக்கு அவரு நடு வீட்டுல படுத்திருக்காரு மிஸ். அந்த நேரத்துல அவர பெரியப்பான்னு சொல்ல வாய் வருமா?"

என் வீட்டிலும் பெரியப்பா உண்டு. நான் தமிழச்சி என்பதால்தான் அவள் என்னிடம் தமிழில் 'அப்பா' என்றாள். டாக்டர் ஹஸ்லினாவிடம் பேசியிருந்தால் ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று சொல்லியிருப்பாள், விடுப்பும் கிடைத்திருக்காது, வம்பும் வந்திருக்காது.

3. கமிட்டி

அறையில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், குறிப்பெடுக்க ஓரமாக நான். அவர்களில் ஒரு விரிவுரையாளர், குடும்பம் என்றால் யார் யார் என்பதைச் சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்று முதல் செமஸ்டரிலேயே பாடம் நடத்துகிறவர். அன்று முழுக்கத் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாரத்துல தந்தைன்னு இருக்கே, யார் சொன்னது?" என்று லோகாவைக் கேட்டார்கள்.

அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "நான்தான் சொன்னேன். என் தப்புதான்" என்றாள்.

எழுதியது மிஸ் ரீத்தா என்று அவள் சொல்லவில்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிறகு கையைத் தூக்கினேன்.

"பாரத்த எழுதுனது நான். சான்றிதழ்ல பேரப் பாக்காம குத்துனதும் நான். எங்க வீடுகள்ல பெரியப்பாவும் அப்பாதான் டாக்டர்."

டாக்டர் ஹஸ்லினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மலாய்க்காரர்கள் மூத்த பெரியப்பாவை 'பாக் லோங்' என்பார்கள். 'பாக்' என்றால் அப்பா.

"என் பாக் லோங்கும் எனக்கு அப்பா மாதிரிதான் ரீத்தா. ஆனா பாரத்துல அப்படி எழுத மாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்று முடிவானது. ஒத்திவைப்பும் கிடைத்தது. ஆனால் அந்த மூன்று நாளுக்கு இப்போது விடுப்பு இல்லை, ஆகவே முடித்த பிளேஸ்மண்ட் செல்லாது, திரும்பி வந்து முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

"பரவால்ல மிஸ், வெளிய அனுப்பலயே" என்றாள் லோகா, வாசலில். நான் செய்த தப்புக்கு அவள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

4. இன்னொரு போன்

அதன்பிறகு நான் மாறிவிட்டேன். பாரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'அழைக்கும் முறை அல்ல, பிறப்புப் பத்திரத்தின்படி உறவு'. யார் போன் செய்தாலும் முதலில் முழுப்பெயர், உறவு, சான்றிதழ். "ரீத்தா மிஸ் இமிகிரேஷன் கவுண்டர் மாதிரி" என்று பிள்ளைகள் கிண்டலடித்தது காதில் விழுந்தது. விழட்டும் என்றிருந்தேன்.

லோகா திரும்பி வந்தாள். கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் பிளேஸ்மண்ட்டை முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது வாரம் போன் வந்தது. அது நான் வேலையில் இருந்த கடைசி மாதம்.

"மிஸ், ஐயா தவறிட்டாரு."

பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"என் பேருக்குப் பின்னால இருக்கிறவரு மிஸ். முனியாண்டி. சான்றிதழ அனுப்பிட்டேன், பேரப் பாத்துக்குங்க."

குரலில் அழுகை இல்லை. ஏதோ கவுண்டரில் நம்பர் சொல்கிற குரல். வாட்ஸாப்பைத் திறந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். "சரியா இருக்கும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

தங்கச்சிமார்களே, பெயரைச் சரிபாருங்கள், கட்டாயம் பாருங்கள். நான் பார்க்காததால் ஒரு பெண்ணின் பிளேஸ்மண்ட் முழுவதும் வீணாய்ப் போனது. ஆனால் சாவு வீட்டிலிருந்து போன் செய்கிறவளிடம் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் தடவை 'ஐயோ, எப்பம்மா?' என்று அதைச் சொன்னேன், பெயரைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை பெயரை மட்டும்தான் பார்த்தேன்.