செவலைக்கு ஊற்றிய ஆட்டு மருந்து

போன மாதம் ஓசூரில் மகள் வளர்க்கும் நாய்க்குக் காமாலை. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் டாக்டர் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், விலா ஓரத்தை மெல்ல அமுக்கினார், ரத்தம் எடுத்தார். ஸ்கேனில் பித்தப்பை வீங்கியிருப்பதைக் காட்டினார். குளுக்கோஸ் ஏற்றி, கொழுப்பில்லாத சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். நாய் பிழைத்துக்கொண்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது.

எண்பதுகளில் பென்னாகரம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக இருந்தேன். ஸ்கேன் எல்லாம் அப்போது கிடையாது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உதட்டைத் தூக்கிப் பார்க்க எந்த மிஷினும் வேண்டாம், எழுந்து வந்தால் போதும். எங்கள் டாக்டர் ஒரு நாய்க்காக நாற்காலியை விட்டு எழ மாட்டார்.

காட்டோரம் பட்டி போட்டிருந்த ஆட்டுக்கார அக்கா ஒரு நாள் காலையில் தன் செவலை நாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வீட்டுக்காரர் இல்லாதவர். நாற்பது ஆட்டுக்கும் அந்த நாய்தான் காவல். அது படுத்துவிட்டால் ஆட்டுக்குட்டிகளைச் செந்நாய் தூக்கிவிடும். "மூணு நாளா கஞ்சி கூட குடிக்கலைங்க சார். மூத்தரம் மஞ்சத்தண்ணியாட்டம் போவுதுங்க" என்றார்.

டாக்டர் மேசைக்குப் பின்னாலிருந்தே கேட்டார். "ஆடு அறுத்தா கெட்டுப்போன ஈரல இதுக்குத்தான போடுவ?"

அக்கா தலையாட்டினார்.

"அப்ப ஈரல் பூச்சிதான். ஆட்டுக்கு ஊத்துறதயே ஊத்தி வுடுப்பா" என்றார் என்னிடம்.

எங்கள் மருந்தகத்தில் எது வந்தாலும் அந்தப் பூச்சி மருந்துப் பாட்டில்தான். நல்ல ஈரலையே பதம் பார்க்கிற மருந்து அது. வாயைப் பிரித்தபோது ஈறும் கண்ணும் மஞ்சள் பூசியதுபோல் இருந்தன. "சார், காமாலையாட்டம் தெரியுதுங்க" என்றேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டார். ஊற்றினேன். நாய் என்னைக் கடிக்கக்கூட இல்லை. மறுநாள் பட்டியிலேயே செத்துப்போனது.

தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். அந்த மனிதருக்குக் காமாலை தெரியாதா? நாலு அடி நடக்க உடம்பு வளையவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த மாதம் அக்கா ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தார். அதற்குள் இரண்டு குட்டிகளைச் செந்நாய் கொண்டுபோயிருந்தது. "சார் மேல ஒண்ணும் தப்பில்ல தம்பி. அவரே சொன்னாரு, பூச்சி முத்திப்போச்சாம், மொத நாளே கூட்டியாந்திருக்கணுமாம். நாந்தான் என் நாய கொன்னுட்டேன்" என்றார்.

டாக்டர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க்கா, கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்" என்றேன்.