பாதி உப்பு

கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்கும் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கும் சேர்த்து ஓர் ஆய்வைக் கொடுத்தார் பேராசிரியை. கடலோர வயல்களில் உப்பு ஏறுகிறதே, எவ்வளவு உப்பு வரை நெல் முளைக்கும் என்று பார்க்க வேண்டும். அடர்ந்த உப்புக் கரைசல் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து அளந்து எடுத்துத் தண்ணீர் சேர்த்து, ஐந்து வீரியங்களில் நீர்த்த கரைசல்கள் செய்வது எங்கள் வேலை.

அவள் அப்பா நாகப்பட்டினம் பக்கத்தில் அறுப்புக் கூலி. என் அப்பா கூலிக்கு ஆள் வைப்பவர். அந்த வருஷம் கூலியை உயர்த்தக் கேட்டு எங்கள் வரப்பிலும் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அப்பா என் பேரில்கூட மூன்று ஏக்கர் எழுதி வைத்திருந்தார். இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மூன்று ஏக்கர்க்காரியான நான் அவளைப் பார்த்துத்தான் வெந்துகொண்டிருந்தேன்.

நான் பெருக்கி வகுத்து அடித்துத் திருத்திக்கொண்டிருப்பேன். அவள் பிப்பெட்டைக் கையில் பிடித்தபடியே, "முப்பது மில்லி எடு, நூறு வர்ற வரைக்கும் தண்ணி ஊத்து" என்பாள். சரியாக இருக்கும். பேராசிரியை அவள் நோட்டை மட்டும் வாங்கிப் பார்ப்பார். என்னிடம், "நீ அந்தத் தட்டையெல்லாம் கழுவி வையேன்" என்பார்.

அந்த அடர்ந்த மூலக் கரைசலுக்கு உப்பை நிறுத்துக் கரைத்தது மட்டும் நான்.

விதை போட்ட ஐந்தாம் நாள், உப்பு அதிகமான தட்டிலும் நெல் முளைவிட்டிருந்தது. அவ்வளவு உப்பில் முளைத்திருக்கவே கூடாது.

"கணக்கு யார் போட்டது?"

"நான்தான் மேடம்" என்றாள் அவள்.

"உன்கிட்ட இத எதிர்பார்க்கல."

எனக்கு மனசு குளிர்ந்தது. அன்று மாலை என் நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: அரை லிட்டருக்கான உப்பை நிறுத்து, ஒரு லிட்டர் குடுவையில் கரைத்திருக்கிறேன். நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் அவள் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். "எங்க தப்புன்னே தெரியலடி" என்றாள்.

"நல்லாப் பாரு" என்றேன்.

மூன்றாம் நாள் மூலக் கரைசலில் பத்து மில்லி எடுத்து, பீங்கான் கிண்ணத்தில் சுண்டக் காய்ச்சி, தங்கிய உப்பை நிறுத்துப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கு சாயங்காலமே."

"ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல" என்றாள். நோட்டில் ஒவ்வொரு வீரியத்தையும் அடித்து, பக்கத்தில் அதில் பாதியை எழுதிக்கொண்டே போனாள். உப்பு கூடுதலான இரண்டு கரைசல்களை மட்டும் புதிதாகச் செய்து விதை போட்டாள்.

நானே போய்ப் பேராசிரியையிடம் சொன்னேன். திட்டி முடித்துவிட்டு அவர், "காய்ச்சிப் பாக்கணும்னு அவளுக்குத் தோணிச்சு பாரு" என்றார். ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் பாராட்டு அவளுக்கே போனது.

ஆய்வறிக்கையை அவள்தான் எழுதினாள். மூலக் கரைசலில் நேர்ந்த பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது என்று ஒரு வரி. யாருடைய பிழை என்று இல்லை. அப்படி ஒரு வரியை என்னால் எழுதியிருக்க முடியாது; அதற்கும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

அதன் பிறகு படிப்பு முடியும்வரை அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.